கவ்வாத்துக் கத்தியிலிருந்து தொடங்கலாம்
வாசகர் கேள்வி – பதில்: நூதனசாலைப் பயிற்சியும் மலையக மாணவர்களும்

கேள்வி: பேராதனையில் கலைப்பீடத்தில் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். அமெரிக்க நூதனசாலைகள், இதுவரை உரிய இடம் கிடைக்காத சமூகங்களைச் சேர்ந்த பட்டப்படிப்பு மாணவர்களுக்குக் காப்பாட்சியர் பெலோஷிப் (சேகரிப்புகளை ஆராய்ந்து காட்சிக்கு வைப்பவராகப் பழகச் சம்பளத்துடன் ஒரு பயிற்சி) கொடுப்பதாக அறிந்தேன். தேயிலைத் தோட்டத்துப் பிள்ளைகளான நாங்கள் விண்ணப்பிக்கலாமா?
– ம.தி., மஸ்கெலியா

பதில்: நீங்கள் அறிந்தது உண்மைதான். ஆனால் பேராதனையில் படித்துக்கொண்டே அவற்றில் சேர வழியில்லை. இந்த வகையில் அதிகம் பேசப்படுவது, மெலன் அறக்கட்டளையின் நிதியில் 2013இல் தொடங்கிய திட்டம். லொஸ் ஏஞ்சலிஸ், சிக்காகோ, அட்லாண்டா, ஹூஸ்டன், கான்சாஸ் சிற்றி ஆகிய நகரங்களின் ஐந்து பெரிய கலை நூதனசாலைகள் அதில் சேர்ந்தன. முதலில் ஒரு வாரக் கோடைப் பயிலரங்கு. அதில் பங்குபற்றியவர்களில் சிலரைத் தெரிந்தெடுத்து, இரண்டு ஆண்டுகள் ஒரு காப்பாட்சியரின் கீழ் சம்பளத்துடன் வேலை பழக்கினார்கள். தவணைக் காலத்திலும் நூதனசாலைக்குப் போய் வேலை செய்ய வேண்டியிருந்ததால் அந்த ஊர்களில் படிப்பவர்களுக்கே அது பொருந்தியது. கெட்டி நிறுவனம் 1993இல் தொடங்கிய கோடைப் பயிற்சியும் அப்படித்தான். லொஸ் ஏஞ்சலிஸ் கவுண்டியில் வசிப்பவரோ அங்கே படிப்பவரோதான் சேரலாம்.

ஏன் இப்படியொரு திட்டம் தேவைப்பட்டது என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். 2015இல் மெலன் அறக்கட்டளை வெளியிட்ட கணக்கெடுப்பின்படி, அமெரிக்கக் கலை நூதனசாலைகளில் காப்பாட்சியர், பொருட்களைப் பழுதாகாமல் காக்கும் பேணுநர், கல்விப் பிரிவினர், தலைமைப் பதவியினர் ஆகியோரில் 84 சதவீதமானோர் வெள்ளையர். கறுப்பினத்தவர் 4 சதவீதம், ஹிஸ்பானியர் 3 சதவீதம். காவலிலும் துப்புரவிலும் மற்றச் சமூகத்தவர் நிறையவே இருந்தார்கள். எந்தப் பொருளை வைப்பது, அதன் பக்கத்தில் என்ன எழுதுவது என்று தீர்மானிக்கும் மேசையில்தான் அவர்கள் இல்லை. இந்த நிலைமை மலையகத்துக்கு அந்நியமானதல்ல. அதனால்தான் இந்தத் திட்டங்களின் அமைப்பை நாம் உன்னிப்பாகப் பார்க்க வேண்டும் என்கிறோம். ஒரு வழிகாட்டி, குறித்த காலம், கையில் ஒரு பொருள், எழுதி முடிக்க ஒரு வேலை. இந்த நான்கையும் இங்கேயே சேர்த்துக்கொள்ள முடியும். பின்னர் வெளிநாட்டு முதுமாணிப் படிப்புக்கோ பெலோஷிப்புக்கோ விண்ணப்பிக்கும்போது உங்களைத் தூக்கிக் காட்டப்போவதும் அதுதான்.

கேள்வி: அப்படியானால் இங்கே எங்கே போய்க் கேட்பது? கடிதம் அனுப்பினால் பதில் வருவதில்லையே.
– ச.ர., தலவாக்கலை

பதில்: பதில் வராததற்குப் பெரும்பாலும் கடிதமே காரணம். "எனக்கு நூதனசாலைத் துறையில் ஆர்வம் உண்டு, வாய்ப்புத் தாருங்கள்" என்று எழுதினால், வாசிக்கும் அலுவலருக்கு உங்களை வைத்து என்ன செய்வதென்று தெரியாது. கடிதம் ஓரத்துக்குப் போய்விடும். வேலையை நீங்களே பிரேரியுங்கள்: "ஜூலையில் ஆறு வாரம், வாரத்துக்கு மூன்று நாள் வர முடியும். காட்சியிலுள்ள 40 பொருட்களுக்கு நிலைமை அறிக்கை (ஒவ்வொன்றும் இப்போது எந்த நிலையில் இருக்கிறது என்ற குறிப்பு) எழுதி, அவற்றின் தமிழ் விளக்கப் பலகைகளைச் சரிபார்த்துத் தருவேன்." துறைத் தலைவரின் ஒப்பமிட்ட கடிதம், கற்கை விடுமுறைத் திகதிகள், நீங்கள் முன்பே எழுதிய ஒரு பொருட்குறிப்பு ஆகிய மூன்றையும் இணையுங்கள். தமிழில் எழுத உங்களுக்கு முழு உரிமை உண்டு. ஆனாலும் ஆங்கிலப் பிரதி ஒன்றையும் சேர்த்து அனுப்பினால், மொழிபெயர்ப்புக்காகக் கடிதம் மேசை மேசையாக அலையாது. இரண்டு வாரத்தில் பதில் இல்லையென்றால் நேரில் போங்கள்.

இடங்களைப் பொறுத்தவரை, கண்டி தேசிய நூதனசாலை தேசிய நூதனசாலைகள் திணைக்களத்தின் கீழ் வருவது. அதற்கான அனுமதியைக் கொழும்பில் திணைக்களத்திடமே கேட்பது நல்லது. ஹந்தானையில், 1925இல் கட்டிய தொழிற்சாலைக் கட்டடத்தில் இயங்கும் தேயிலை நூதனசாலையில் உருட்டும் இயந்திரங்களையும் இலங்கைத் தேயிலைச் செய்கையின் முன்னோடியான ஜேம்ஸ் டெய்லரின் பொருட்களையும் பார்க்கலாம். கம்பளைக்குப் பக்கத்தில் ஓல்ட் பீகொக் தோட்டத்தின் பழைய லயத்தில் (தொழிலாளர் வரிசை வீடுகளில்), 2007 முதல் தோட்டத் தொழிலாளர் நூதனசாலை இருக்கிறது. இந்த இரண்டையும் ஒரே நாளில் பார்த்து வாருங்கள். ஒரே கைத்தொழில் பற்றி இரண்டு கட்டடங்கள் சொல்வதில் எது எங்கே விடுபட்டிருக்கிறது என்று இரண்டு பக்கம் எழுதுங்கள். உங்கள் விண்ணப்பத்துக்கு அதைவிட நல்ல ஆரம்ப எழுத்து கிடைக்காது.

போக்குவரத்துச் செலவும் மதிய உணவும் கிடைக்குமா என்று முதலிலேயே கேளுங்கள். கேட்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. சம்பளமில்லாத பயிற்சி வசதியுள்ள வீட்டுப் பிள்ளைகளுக்கு மட்டுமே சாத்தியமாகிறது என்பதால்தான் நல்ல பெலோஷிப்புகள் பணம் கொடுக்கின்றன.

கேள்வி: விண்ணப்பத்தில் "ஒரு பொருளைப் பற்றி 250 சொற்களில் எழுதுக" என்று கேட்கிறார்கள். எங்கள் லயத்தில் நூதனசாலைக்குரிய பொருள் எதுவும் இல்லை.
– வி.க., பொகவந்தலாவை

பதில்: இருக்கிறது. கவ்வாத்துக் கத்தி (தேயிலைச் செடியை வெட்டிக் கழிக்கும் கத்தி), கொழுந்துக் கூடை, கொழுந்தெடுக்கும் மட்டத்தைக் காட்டும் மட்டக்கம்பு, இடுப்பில் கட்டும் படங்கு, தப்பு மேளம், பழைய செக்ரோல் (வருகைப் பதிவு) தாள் என்று எத்தனையோ. கத்தியையே எடுத்துக்கொள்வோம்.

முதலில் கழுவாதீர்கள், தீட்டாதீர்கள், எண்ணெய் பூசாதீர்கள். பிடியில் படிந்திருக்கும் கறையும் ஒரு சான்றுதான். வெள்ளைத் துணியில் கிடத்தி, பக்கத்தில் அடிமட்டம் வைத்து, ஜன்னல் வெளிச்சம் ஒரு பக்கத்திலிருந்து சாய்வாக விழும்படி படமெடுங்கள். இரண்டு பக்கம், முதுகு, பிடி, குறிகள் என்று ஐந்து படமாவது வேண்டும். பிளாஷ் போட்டால் உலோகம் வெளுத்துப்போய், தீட்டிய கோடுகள் மறைந்துவிடும். பிறகு அளவு: மொத்த நீளம், அலகின் நீளம், மூன்று இடங்களில் அலகின் அகலம், பிடியின் சுற்றளவு, நிறை. எல்லாம் சென்ரிமீற்றரிலும் கிராமிலும். பொருள் என்ன, எதனால் ஆனது, அளவு, குறிகள், தனி அடையாளங்கள், காலம், செய்தவர் என்று பதிவதற்கு 1997இல் வெளிவந்த ஒப்ஜெக்ட் ஐடி என்ற சர்வதேசப் படிவம் இருக்கிறது. அந்த ஒழுங்கிலேயே எழுதினால் தெரிவுக்குழுவுக்கு உங்கள் பயிற்சி உடனே விளங்கும்.

அடையாள இலக்கம் கட்டாயம். 2025.1.3 என்றால் 2025இல் வந்த முதல் தொகுதியின் மூன்றாவது பொருள். அதைக் கத்தியின் மேலேயே எழுதாமல், பருத்தி நாடாவில் பென்சிலால் எழுதிப் பிடியில் தளர்வாகக் கட்டுங்கள். போல்பொயின்ற் பேனை மை ஈரத்தில் ஊறும். ஒட்டும் ஸ்டிக்கர் சில வருடங்களில் உதிர்ந்துபோகும், பசை மட்டும் பொருளில் நிற்கும்.

இனித்தான் காப்பாட்சியர் வேலை. அலகு பிடியருகே 4.2 செ.மீ., நடுவில் 2.9 செ.மீ. என்று வைத்துக்கொள்வோம். நடுப்பகுதி ஏன் தேய்ந்தது? வெட்டு விழுவது அங்கே, அதனால் தீட்டுவதும் அங்கே. பிடி அலகைவிடப் புதிய மரமா? அப்படியானால் ஒருமுறையாவது மாற்றியிருக்கிறார்கள். மாற்றியது தோட்ட நிர்வாகமா, தொழிலாளியா? பயன்படுத்தியவர் இடக்கையரா? இதற்குமேல் சூழல் வரட்டும். மலைநாட்டில் ஒரு தேயிலைச் செடி பொதுவாக நான்கைந்து ஆண்டுக்கு ஒருமுறை கவ்வாத்துக்கு வரும். கவ்வாத்து பெரும்பாலும் ஆண்கள் செய்யும் வேலை, கொழுந்தெடுப்பது பெரும்பாலும் பெண்கள். கத்தி வைத்திருந்தவரிடம் கேட்டு, அவர் சொன்னதை அவருடைய சொல்லிலேயே ஒரு வரி சேருங்கள். சொன்னவர் யார், எந்தத் திகதி என்றும் குறித்துவையுங்கள்.

250 சொற்களில் ஏறக்குறைய 80 கண்ணால் கண்டதற்கு, 60 அதிலிருந்து ஊகித்ததற்கு, 80 சூழலுக்கு. மீதி 30 உங்களுக்கு இன்னும் விடை கிடைக்காத கேள்விக்கு. அந்த 30ஐ விட்டுவிடாதீர்கள். ஆய்வு எங்கே தொடரும் என்பதை அது காட்டுகிறது.

இதில் அடிக்கடி நடக்கும் பிழை ஒன்று. எழுத உட்கார்ந்ததும் பேனை நேரே 1823க்கும் முதல் கோப்பித் தோட்டத்துக்கும் ஓடிவிடும். இருநூறு வருடத் துயரம் முழுவதும் முதல் பந்தியிலேயே வந்து விழும், கத்தி காணாமற் போய்விடும். அந்த வரலாறு உண்மை, அது சொல்லப்படத்தான் வேண்டும். ஆனால் தேய்ந்த அலகிலிருந்து ஆரம்பித்தால் அது வாசிப்பவரைப் பிடித்து நிறுத்தும். பொதுப் பந்தியை அவர் ஏற்கனவே வேறு பத்து விண்ணப்பங்களில் படித்திருப்பார்.

கேள்வி: அம்மம்மாவின் பிரஜாவுரிமைப் பத்திரம், பழைய கடவுச்சீட்டு, தகர வில்லை (தோட்டத்தின் எழுத்தும் இலக்கமும் பொறித்த தகடு) எல்லாம் ஒரு டின்னில் இருக்கின்றன. லெமினேட் செய்து ஒரு கண்காட்சிக்குக் கொடுக்கலாமா?
– ப.யோ., பண்டாரவளை

பதில்: லெமினேட் வேண்டவே வேண்டாம். சூட்டில் உருகிய பிளாஸ்ரிக் தாளின் நார்களுக்குள் இறங்கிவிடும். பிறகு பிரிக்க முயன்றால் எழுத்தும் சேர்ந்து வரும். செலோரேப்பும் கூடாது. மடிப்பை நகத்தால் அழுத்தாமல் விரித்து, ஒவ்வொரு தாளையும் பொலியெஸ்ரர் உறையில் தனித்தனியாக இட்டு, அமிலமில்லாத அட்டைப் பெட்டியில் படுக்கையாக வையுங்கள். துருப்பிடித்த குண்டூசியும் கிளிப்பும் இருந்தால் கழற்றிவிடுங்கள்.

மலைநாட்டில் பெரிய எதிரி ஈரம். காற்றின் சாரீரப்பதன் (ஈரப்பதன்) 65 சதவீதத்துக்கு மேல் நாள்கணக்கில் நின்றால் பூஞ்சணம் பிடிக்கும், மழைக்காலத்தில் லயத்து அறைகளில் அது சர்வசாதாரணம். பெட்டியை வெளிச்சுவரோடு ஒட்டி வைக்காதீர்கள். தரையிலிருந்து ஓரடியாவது உயர்த்துங்கள். அடுப்புக்கு மேலே வைத்தால் உலர்வாக இருக்கும் என்று சிலர் நினைக்கிறார்கள். புகைக்கரியும் சூடும் தாளை மஞ்சளாக்கி நொறுக்கிவிடும். பூச்சியுருண்டையும் போடாதீர்கள். வில்லையைப் புளியாலோ பிராசோ மெருகுத் திரவத்தாலோ விளக்கினால் தோட்டத்தின் எழுத்தும் இலக்கமும் தேய்ந்துவிடும். அந்த இலக்கம்தான் வில்லையின் உயிர். ஈரமில்லாத மென்மையான தூரிகையால் தூசியைத் தட்டினால் போதும்.

கண்காட்சிக்கு மூலப்பிரதியைக் கொடுக்காதீர்கள். 1949ஆம் ஆண்டின் 3ஆம் இலக்க இந்திய, பாகிஸ்தானிய வதிவோர் பிரஜாவுரிமைச் சட்டத்தின் கீழ் கிடைத்த பதிவுச் சான்றிதழ் இன்றும் குடும்பத்தின் சட்டபூர்வ ஆவணம். பேரப்பிள்ளையின் அடையாள அட்டைக்கோ கடவுச்சீட்டுக்கோ அது தேவைப்படலாம். 600 டிபிஐயில் ஸ்கான் செய்து டிஃப் (TIFF) கோப்பாக வைத்துக்கொண்டு, பிரதியைக் கொடுங்கள். பிரதியிலும் இலக்கங்களை மறைத்துவிடுங்கள். வில்லையைக் கொடுப்பதானால் அது அன்பளிப்பா இரவலா என்று எழுத்தில் இருக்க வேண்டும். இரவல் என்றால் திருப்பித் தரும் திகதி, கொடுக்கும்போது இருந்த நிலைமையைக் காட்டும் படம், பெயர் போடலாமா கூடாதா என்ற உங்கள் சம்மதம் மூன்றும் அந்தத் தாளில் வரட்டும். வாய்ச்சொல்லை நம்பிக் கொடுத்தால், பொறுப்பாளர் மாறியதும் பொருள் யாருடையதென்றே தெரியாமல் போகும்.

கேள்வி: வெளிநாட்டு பெலோஷிப் எடுத்துத் தர ஒருவர் பதிவுக் கட்டணம் கேட்கிறார்.
– பெயர் வேண்டாம், ஹட்டன்

பதில்: கொடுக்காதீர்கள். பெலோஷிப் என்பது உங்களுக்குப் பணம் தருவது. நூதனசாலையின் சொந்த இணையப் பக்கத்தில் இல்லாத விண்ணப்பம் விண்ணப்பமே அல்ல.

கேள்வி: விண்ணப்பத்தில் நம்மைப் பற்றி எழுதும் சுயகூற்றில் எங்கள் வறுமையைப் பற்றி எவ்வளவு எழுதலாம்? ஆங்கிலமும் அவ்வளவு சரளமில்லை.
– கௌ., இராகலை

பதில்: மூன்று வரி. வீட்டில் முதலில் பல்கலைக்கழகம் போனவர் நீங்கள், பெற்றோர் தோட்டத் தொழிலாளர், உயர்தரம் படிக்க எத்தனை கிலோமீற்றர் போனீர்கள் என்பவற்றைக் கூட்டாமல் குறைக்காமல் சொல்லுங்கள். தகுதிக்குரிய தகவல் என்பதால் அது இருக்க வேண்டும். மிச்ச இடம் முழுவதும் அந்த வாழ்க்கை உங்களுக்கு எதைப் பார்க்கக் கற்றுத்தந்தது என்பதற்கு. கங்காணியின் கணக்குக் கொப்பியை உங்களால் வாசிக்க முடியும். காமன் கூத்துக்குத் தப்பைத் தீயில் காய்ச்சுவது ஏனென்று தெரியும். தமிழும் சிங்களமும் பேசுவீர்கள். இவற்றைத் தகுதிகளாகவே எழுதுங்கள். இந்த அறிவைச் சம்பளத்துக்குப் பணியாள் வைத்துப் பெற முடியாமல் எத்தனையோ சேகரிப்புகள் விளக்கமில்லாமல் கிடக்கின்றன.

ஆங்கிலத்துக்கு: தினமும் ஒரு பொருளுக்கு 60 சொல் விளக்கப் பலகை எழுதுங்கள், முதலில் தமிழில், பிறகு ஆங்கிலத்தில். ஸ்பெக்ட்ரம் என்ற பிரித்தானிய சேகரிப்பு முகாமைத் தரமும் கனடா பேணல் நிறுவனத்தின் குறிப்புகளும் இணையத்தில் இலவசம். துறைச்சொற்களை அங்கிருந்தே பழகலாம்.

பரிந்துரைக் கடிதம் தரும் விரிவுரையாளருக்கு மூன்று வார அவகாசம் கொடுங்கள். விண்ணப்ப அறிவித்தல், உங்கள் பொருட்குறிப்பு, அவருடைய வகுப்பில் செய்த ஒப்படை ஆகியவற்றைச் சேர்த்துக் கொடுத்தால், "நல்ல மாணவி" என்ற ஒற்றை வரிக்குப் பதிலாக உங்களைப் பற்றி எழுத அவருக்கு ஏதாவது இருக்கும். முடிவுத் திகதிக்கு ஐந்து நாள் முன்பு ஒருமுறை நினைவூட்டுங்கள்.