லக்சர் ஒருநாள் டூர்: பட்டியல் ஒன்று, விலை இரண்டு

கேள்வி: டிசம்பரில் எகிப்தின் ஹுர்காதா கடற்கரைக்குப் போகிறோம். நான், மனைவி, அம்மா (68 வயது, மூட்டுவலி). அங்கிருந்து விடியற்காலை கிளம்பி லக்சர் கோயில்களையும் மன்னர் கல்லறைகளையும் பார்த்துவிட்டு ராத்திரி திரும்பும் டூருக்கு இரண்டு ஏஜென்சிகளிடம் விலை கேட்டேன். கர்னக், மன்னர்களின் பள்ளத்தாக்கு, ஹட்செப்சுட் கோயில், மெம்னான் சிலைகள், மதியச் சாப்பாடு என்று பட்டியல் வரிக்கு வரி ஒன்றுதான். ஆனால் ஒருவர் விலை மற்றவருடையதைப் போல இரண்டரை மடங்கு. மலிவானதை எடுத்தால் ஏமாந்துவிடுவோமா?

பதில்: நாலு இடத்தையும் காட்டத்தான் செய்வார்கள். எவ்வளவு நேரம் காட்டுவார்கள் என்பதில்தான் இருக்கிறது விஷயம்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். ஹுர்காதாவிலிருந்து லக்சருக்குச் சாலையில் சுமார் நாலு மணி நேரம். திரும்பவும் அதே நாலு. ஐந்து மணிக்குக் கிளம்பினாலும் லக்சரில் உங்கள் கையில் நிற்பது ஏழு மணி நேரம். அதில் சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் போகும். கர்னக் நைலின் கிழக்குக் கரையில், கல்லறைகள் மேற்குக் கரையில். பாலமோ ஊருக்குத் தெற்கே தள்ளி இருக்கிறது. வண்டி சுற்றிக்கொண்டுதான் போக வேண்டும். மிஞ்சுவது ஐந்து மணி நேரம் என்று வையுங்கள். மலிவு டூரில் இந்த ஐந்துக்குள்தான் அலபாஸ்டர் என்ற வெண்கல்லில் செய்த பொருட்களின் கடையும், பப்பைரஸ் என்ற நாணல் தாளில் வரைந்த ஓவியக் கடையும், வாசனை எண்ணெய்க் கடையும் வந்து உட்காரும். விலையில் குறைத்ததைக் கடைக்காரர் தரும் கமிஷனில் எடுத்துவிடுகிறார்கள்.

நானும் ஒருமுறை மலிவைப் பார்த்து ஏறியவன்தான். மேற்குக் கரையில் ஒரு கல் பட்டறை வாசலில் வண்டி நின்றது. தரையில் உட்கார்ந்திருந்த நாலு பேர், எங்கள் தலை தெரிந்ததும் கல்லைத் தேய்த்துக்கொண்டே பாட ஆரம்பித்தார்கள். உள்ளே சின்னக் கண்ணாடித் தம்ளரில் செக்கச்செவேலென்று கர்கடே என்ற செம்பருத்தி வகைப் பூவின் பானம். கடைக்காரர் விளக்கை அணைத்துவிட்டு ஒரு கிண்ணத்துக்குள் பல்பை இறக்கினார். கல் முழுக்கத் தேன் நிறத்தில் ஒளிர்ந்தது. அழகுதான், இல்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் அங்கே போனது 50 நிமிடம், கர்னக்கில் கிடைத்தது 40. பெரிய மண்டபத்தில் மட்டும் 134 தூண்கள். நடுவில் இரண்டு வரிசையாக நிற்கும் 12 தூண்கள் சுமார் 21 மீட்டர் உயரம். அதில் ஒன்றின் உச்சியில் விரிந்திருக்கும் பப்பைரஸ் பூவை அண்ணாந்து பார்ப்பதற்குள் கைடு கைதட்டிக் கூப்பிட்டுவிட்டார்.

ஆகவே இரண்டு ஏஜென்சிக்கும் வாட்ஸ்அப்பில் ஒரே செய்தியை அனுப்புங்கள். எத்தனை கடையில் நிறுத்துவீர்கள்? கர்னக்கில் எவ்வளவு நேரம், பள்ளத்தாக்கில் எவ்வளவு நேரம்? வண்டியில் எத்தனை பேர்? நுழைவுக் கட்டணம் சேர்த்தா, தனியா? கடைசிக் கேள்வியில்தான் பலர் வழுக்குவார்கள். வெளிநாட்டவருக்கான கட்டணம் உள்ளூர்க்காரர்களுக்கு இருப்பதைப் போலப் பல மடங்கு. மூன்று பேருக்கு மூன்று இடம் என்றால் இரண்டு டூர்களின் விலை வித்தியாசத்தில் பெரும்பகுதி அதிலேயே போய்விடலாம். மெம்னான் சிலைகளுக்கு டிக்கெட்டே கிடையாது, சாலையோரம் நிற்கின்றன. அதையும் ஓர் ‘இடமாக’ எண்ணிப் பட்டியலை நீட்டுவது வழக்கம்.

பதிலை எழுத்தில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். ‘கடை கிடையாது’ என்று எழுதியவர் கடை வாசலில் நிறுத்தினால், அந்தச் செய்தியைக் கைடிடம் காட்டி வண்டியிலேயே உட்கார்ந்திருக்கலாம். முழுப் பணத்தையும் முன்கூட்டிக் கேட்பவரிடம் போகாதீர்கள். முக்கியமான இடங்களில் கவுன்டரில் ரொக்கம் வாங்குவதில்லை, கார்டு எடுத்துப் போங்கள்.

அம்மாவுக்காக ஒன்று. பள்ளத்தாக்கின் வாசலிலிருந்து கல்லறைகள் வரை சின்ன மின்வண்டி ஓடுகிறது. பொது டிக்கெட்டில் மூன்று கல்லறை பார்க்கலாம். எந்த மூன்று என்று கைடு முடிவு செய்ய விடாதீர்கள். நான்காம் ராம்சேஸின் கல்லறை அகலமானது, சரிவும் மெதுவானது. மூட்டுவலிக்காரர்களுக்கு அதுதான் சரி. மூன்றாம் துட்மோஸின் கல்லறைக்கு ஏணிப்படி ஏறிப் பிறகு இறங்க வேண்டும், அந்தப் பக்கமே வேண்டாம்.

கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். உங்கள் இடத்தில் நான் இருந்தால் லக்சரில் ஒரு ராத்திரி தங்குவேன். எட்டு மணி நேரச் சாலையை இரண்டு நாளாகப் பிரித்தால் அம்மாவின் முழங்கால் உங்களை வாழ்த்தும். சாயங்காலம் விளக்குப் போட்ட பிறகு லக்சர் கோயிலையும் பார்க்கலாம். வாசலில் ஒற்றையாக நிற்கும் தூபியின் ஜோடி 1836 முதல் பாரிஸ் நகரச் சதுக்கத்தில் நிற்கிறது.

கேள்வி: கைடுக்கும் சேர்த்துத்தான் பணம் கட்டினோம். ஆனால் மன்னர்களின் பள்ளத்தாக்கில் அவர் வெளியே ஒரு படத்தை வைத்து விளக்கிவிட்டு, ‘நீங்கள் போய்ப் பார்த்து வாருங்கள்’ என்று நிழலில் உட்கார்ந்துவிட்டார். பணத்தைத் திருப்பிக் கேட்கலாமா?

பதில்: கேட்காதீர்கள், அவர்மேல் தப்பில்லை. கல்லறைக்குள் கைடுகள் நின்று விளக்கக்கூடாது என்பது அங்கே விதி. குறுகிய வழியில் கூட்டம் தேங்கினால் மூச்சின் ஈரத்திலேயே ஓவியம் கெடும். உள்ளே டார்ச் அடித்துக் காட்டி, ‘போட்டோ எடுத்துத் தரட்டுமா’ என்று ஒருவர் வந்திருப்பாரே, அவர் கைடு அல்ல, காவலாளி. அவருக்கு பக்ஷீஷ், அதாவது டிப்ஸ், கொடுப்பது உங்கள் விருப்பம், கட்டாயம் இல்லை. முறையான கைடு என்றால் அரசு உரிம அட்டை வைத்திருப்பார். அதைக் காலையிலேயே பார்த்துக்கொள்ள வேண்டும்.

கேள்வி: துட்டன்காமுன் கல்லறைக்குத் தனி டிக்கெட் கேட்கிறார்கள். வாங்கலாமா?

பதில்: தங்க முகமூடி அங்கே இருக்கும் என்று நினைத்து வாங்கினால் ஏமாற்றம்தான், அது கெய்ரோவை ஒட்டிய கீசாவில், பெரிய எகிப்து அருங்காட்சியகத்தில் இருக்கிறது. 1922-ல் ஹோவர்டு கார்ட்டர் கண்டுபிடித்த இந்தக் கல்லறை மிகச் சின்னது, ஓவியமும் ஒரே ஒரு அறையில்தான். மன்னரின் உடல் மட்டும் கண்ணாடிப் பெட்டிக்குள் அங்கேயே கிடக்கிறது. அந்த முகத்தைப் பார்க்க வேண்டும் என்றால் வாங்குங்கள். ஓவியத்துக்காகப் போகிறவர் ஆறாம் ராம்சேஸின் கல்லறைக்குத் தனி டிக்கெட் எடுக்கலாம். கூரை நெடுக வானத்தாய் நூத் நீண்டு கிடக்கிறாள். மாலையில் சூரியனை விழுங்கிக் காலையில் பெறுகிறாள். துட்டன்காமுனின் கல்லறையைத் திருடரிடமிருந்து காப்பாற்றியதும் ஒரு வகையில் இந்தக் கல்லறைதான். இதை வெட்டிய வேலையாட்கள் போட்ட குடிசைகள் அவர் வாசலை மூடிவிட்டன.

கேள்வி: தெருவில் வாங்கிய பப்பைரஸ் ஓவியம் வீட்டுக்கு வந்ததும் மடிப்பில் உடைந்துவிட்டது. கோயில் வாசலில் ‘பழங்காலத்துச் சிலை’ என்று ஒருவர் தந்ததையும் வாங்கிவிட்டேன். இரண்டும் போலியா?

பதில்: முதலாவது பெரும்பாலும் வாழைநார். அசல் பப்பைரஸை வெளிச்சத்தில் பிடித்தால் குறுக்கும் நெடுக்குமாக நார் பட்டைகள் தெரியும், சுருட்டினாலும் உடையாது. இரண்டாவது போலியாக இருந்தால் நல்லது. 1983-ம் ஆண்டு 117-ம் எண் சட்டப்படி எகிப்தின் தொல்பொருளை வாங்கி நாட்டுக்கு வெளியே கொண்டுபோவது குற்றம். ஏர்போர்ட்டில் ஸ்கேனரில் அதை யாரும் கேட்காமல் விட்டார்கள் என்பதே அது நேற்றுச் செய்த பொம்மை என்பதற்கு ஓரளவு சாட்சி.