ஃப்ளெக்ஸ்பாக்ஸா, கிரிட்டா என்பதற்கு முன் கேட்க வேண்டியது

இணையப் பக்கத்தின் தோற்றத்தை வரையறுக்கும் சி.எஸ்.எஸ் மொழியின் அடிப்படைகள் தெரிந்தும் பக்க அமைப்பு அடிக்கடி குலைகிறது என்றும், பெட்டிகளை அடுக்கும் முறைகளான ஃப்ளெக்ஸ்பாக்ஸ், கிரிட் இரண்டில் எதை எங்கே பயன்படுத்துவது என்று புரியவில்லை என்றும், எழுதிய விதி வேலை செய்யாதபோது அதை மற்ற விதிகளுக்கு மேலாக உயர்த்தும் 'இம்பார்ட்டன்ட்' குறியைச் சேர்ப்பதைத் தவிர வேறு வழி உண்டா என்றும் கேட்டிருக்கிறீர்கள். முதல் இரண்டும் ஒரே இடத்திலிருந்து கிளம்பும் சிக்கல்கள் என்பதால் அவற்றைச் சேர்த்தே எடுத்துக்கொள்கிறேன்.

ஒரே திசையில் அடுக்குவதற்கு ஃப்ளெக்ஸ்பாக்ஸ், இரு திசைகளிலும் அடுக்குவதற்கு கிரிட் என்ற விளக்கத்தை எல்லாப் பாடங்களிலும் படித்திருப்பீர்கள். அது தவறில்லை, ஆனால் அமைப்பு குலையும்போது அந்த விளக்கம் கைகொடுக்காது. ஒரு பெட்டியின் அகலத்தை முடிவு செய்வது அதன் உள்ளடக்கமா, அல்லது அதைத் தாங்கும் வெளிப்பெட்டியா என்று கேட்பதே எனக்குப் பயன்பட்ட வழி. ஃப்ளெக்ஸ்பாக்ஸில், நீங்கள் வேறு அளவு சொல்லாதவரை, ஒவ்வொரு உருப்படியும் தன் உள்ளடக்கத்துக்கு எவ்வளவு இடம் வேண்டும் என்பதிலிருந்து தொடங்குகிறது. இடம் மிஞ்சினால் பங்கிடப்படுகிறது, போதாவிட்டால் உருப்படிகள் சுருக்கப்படுகின்றன. கிரிட்டில் நெடுவரிசைகளையும் கிடைவரிசைகளையும் வெளிப்பெட்டியிலேயே வரையறுக்கிறீர்கள். உருப்படிகள் அந்தக் கட்டங்களுக்குள் வந்து அமர்கின்றன. ஆகவே பட்டிப் பட்டை (மெனு), பொத்தான் வரிசை, குறிச்சொற்கள் போன்றவற்றுக்கு ஃப்ளெக்ஸ்பாக்ஸும், முழுப் பக்கத்தின் சட்டகம், அட்டைகளின் தொகுப்பு, படிவம் போன்றவற்றுக்கு கிரிட்டும் இயல்பாகப் பொருந்துகின்றன. ஒரு படத்தைச் சுற்றி எழுத்து ஓடுவதற்காக உருவான ஃப்ளோட்டை வைத்து முழுப் பக்கங்களையும் கட்டிய காலம், ஃபயர்ஃபாக்ஸ், குரோம், சஃபாரி மூன்றும் 2017 மார்ச் மாதத்தில் கிரிட்டை வெளியிட்டதோடு முடிந்துவிட்டது. பழைய பாடங்களில் அந்த ஃப்ளோட் முறையைக் கண்டால் தயங்காமல் தாண்டிச் செல்லுங்கள்.

இனி, அமைப்பு ஏன் குலைகிறது என்பதற்கு வருவோம். நெடுவரிசைக்கு '1எஃப்ஆர்' (மிஞ்சும் இடத்தில் ஒரு பங்கு) என்று எழுதினால் இடம் சரிசமமாகப் பிரியும் என்று நம்புகிறோம். உண்மையில் அதன் பொருள் 'மின்மேக்ஸ்(ஆட்டோ, 1எஃப்ஆர்)', அதாவது குறைந்தபட்சம் 'ஆட்டோ', அதிகபட்சம் '1எஃப்ஆர்' என்பதாகும். அந்த 'ஆட்டோ' காரணமாக, உள்ளடக்கத்தில் உடைக்க முடியாத மிக நீளமான பகுதி எவ்வளவு அகலமோ, அதற்குக் கீழே நெடுவரிசை பொதுவாகச் சுருங்காது. ஃப்ளெக்ஸ்பாக்ஸிலும் இதே கதைதான்: உருப்படியின் குறைந்தபட்ச அகலமான 'மின்-விட்த்' இயல்பாகவே 'ஆட்டோ' என்று இருப்பதால், சுருங்கச் சொன்னாலும் அது ஓர் எல்லையில் நின்றுவிடும். ஒரு நீண்ட இணைய முகவரி, நிரல் துண்டு, அகலமான அட்டவணை, அல்லது நாம் தமிழில் சேர்த்தெழுதும் நெடுஞ்சொல் ஒன்று உள்ளே வந்தால் போதும். நெடுவரிசை வீங்கி, கைப்பேசித் திரையில் பக்கம் முழுவதும் பக்கவாட்டில் நகரத் தொடங்கும்.

பலர் இதற்கு, பெட்டியை மீறி வழிவதை மறைக்கும் 'ஓவர்ஃப்ளோ: ஹிட்டன்' போட்டு மூடிவிடுகிறார்கள். அது உள்ளடக்கத்தை வெட்டுவதோடு நில்லாமல், பெட்டிக்கு உள்ளேயிருக்கும் நிழல்களையும் விசைப்பலகையில் நகர்வோருக்கு அவர்கள் இருக்கும் இடத்தைக் காட்டும் குவியக் கோட்டையும் சேர்த்து வெட்டக்கூடும்; பக்கம் நகரும்போதும் திரையில் ஒட்டி நிற்பதற்காக உள்ளே 'ஸ்டிக்கி' ஆக வைத்த பகுதியும் எதிர்பார்த்தபடி ஒட்டி நிற்காது. அதைவிட, கிரிட்டில் 'மின்மேக்ஸ்(0, 1எஃப்ஆர்)' என்றும் ஃப்ளெக்ஸ் உருப்படிக்கு 'மின்-விட்த்: 0' என்றும் எழுதி, அளவை முடிவு செய்யும் உரிமையை வெளிப்பெட்டிக்கு மாற்றுவது நேர்மையான தீர்வு. சொல் உடைய வேண்டிய இடத்தில் 'ஓவர்ஃப்ளோ-ராப்: எனிவேர்' பயன்படுத்துங்கள். பார்வைக்கு ஒரே மாதிரி இருக்கும் 'பிரேக்-வேர்ட்' என்ற மதிப்பு, குறைந்தபட்ச அகலத்தைக் கணக்கிடும்போது அந்த உடைவைக் கணக்கில் எடுத்துக்கொள்வதில்லை, 'எனிவேர்' எடுத்துக்கொள்கிறது. இந்தச் சிறு வேறுபாடு தெரியாமல் மணிக்கணக்கில் தேடுவோர் உண்டு.

திரையின் அகலத்தைப் பார்த்து அமைப்பை மாற்றும் மீடியா குவெரி, முழுப் பக்கத்துக்கு இன்றும் பொருத்தமானது. ஆனால் ஒரே அட்டை முதன்மைப் பகுதியிலும் ஒடுங்கிய பக்கப்பட்டையிலும் வரும்போது, திரை எவ்வளவு அகலம் என்பதால் அதற்குப் பயனில்லை. தனக்குக் கிடைத்த இடம் எவ்வளவு என்பதுதான் அதற்குத் தேவை. 2022இல் குரோம், சஃபாரியிலும், 2023 பிப்ரவரியில் ஃபயர்ஃபாக்ஸிலும் வந்த கன்டெய்னர் குவெரி அதைத் தருகிறது. இதற்கு ஒரு விலை உண்டு: இந்த அளவீட்டுக்காக 'கன்டெய்னர்-டைப்: இன்லைன்-சைஸ்' என்று அறிவித்த பெட்டி தன் அகலத்தை உள்ளடக்கத்திலிருந்து பெற முடியாது, ஏனெனில் அகலத்தைப் பார்த்து உள்ளடக்கமும் உள்ளடக்கத்தைப் பார்த்து அகலமும் மாறினால் கணக்கு முடிவுக்கே வராது. ஆகவே அத்தகைய பெட்டியை ஃப்ளெக்ஸ் வரிசைக்குள் அகலம் எதுவும் குறிப்பிடாமல் வைத்தால், அது பூஜ்ஜியத்துக்குச் சுருங்கிக் காணாமலே போகலாம். மேலும், அந்தப் பெட்டி தன்னுடைய அகலத்தைப் பார்த்துத் தன்னையே மாற்றிக்கொள்ள முடியாது. அதனுள் இருப்பவற்றை மட்டுமே மாற்றலாம் என்பதால், அட்டையைச் சுற்றி ஒரு வெளிப்பெட்டி தேவைப்படும்.

'இம்பார்ட்டன்ட்' பற்றிய கேள்விக்கு: அது இல்லாமல் தாராளமாக எழுதலாம். ஒரே உறுப்புக்கு இரண்டு விதிகள் மோதும்போது, விதி எந்த உறுப்புக்கு என்று சுட்டும் செலக்டரின் எடையைப் பார்ப்பதற்கு முன்பே, உலாவி அவற்றின் லேயரை, அதாவது விதிகளை நாம் பெயரிட்டுப் பிரிக்கும் அடுக்கைப் பார்க்கிறது. 2022இன் தொடக்கத்தில் மூன்று பெரிய உலாவிகளிலும் வந்த இந்த காஸ்கேட் லேயர் வசதிதான், சமீப ஆண்டுகளில் சி.எஸ்.எஸ்-இல் சேர்ந்தவற்றுள் மிக முக்கியமானது என்பது என் கருத்து. பிற்பாடு அறிவிக்கப்பட்ட லேயரில் உள்ள எளிய கிளாஸ் விதி, முந்தைய லேயரில் எடை மிகுந்த ஐடி வைத்து எழுதிய விதியையும் வென்றுவிடும். அடிப்படை, கூறுகள், விதிவிலக்குகள் என்ற வரிசையில் கோப்பின் முதல் வரியிலேயே லேயர்களின் பெயர்களை அறிவித்துவிட்டால், யார் யாரை வெல்வார் என்பது அந்த ஒரு வரியிலேயே தெரிந்துவிடும்.

எந்த லேயரிலும் சேராத விதிகள், லேயருக்குள் உள்ள சாதாரண விதிகள் அனைத்தையும் வெல்லும். இதைப் பயன்படுத்தி, வெளியிலிருந்து எடுத்த நடைத்தாள் (சி.எஸ்.எஸ் கோப்பு) தொகுப்பை மட்டும் ஒரு லேயருக்குள் இறக்குமதி செய்துகொண்டால், உங்கள் பழைய கோப்பில் ஒரு வரியையும் மாற்றாமலே அது மேலோங்கிவிடும். ஆனால் 'இம்பார்ட்டன்ட்' வந்த இடத்தில் இந்த வரிசை தலைகீழாகிறது: லேயருக்குள் இருக்கும் 'இம்பார்ட்டன்ட்' விதி, வெளியே நீங்கள் எழுதும் 'இம்பார்ட்டன்ட்' விதியை வெல்லும், லேயர்களுக்குள்ளும் முந்தி அறிவிக்கப்பட்டதே வெல்லும். வெளியிலிருந்து எடுத்த அந்தத் தொகுப்பை எழுதியவர்கள் 'இம்பார்ட்டன்ட்' குறியைத் தாராளமாகத் தெளித்திருந்தால், தொகுப்பின் லேயருக்கு முன்பாக இன்னொரு லேயரை அறிவித்து, அந்த இடங்களுக்கான மாற்று விதிகளை மட்டும் 'இம்பார்ட்டன்ட்' உடன் அதில் எழுதுங்கள்.