ட்ரெட்மில் வாங்கும் முன் ஓடாத நாட்களை எண்ணுங்கள்

கேள்வி: வயது 41, எடை 82 கிலோ, உயரம் 5 அடி 9 அங்குலம். கோவையில் தனியார் நிறுவன வேலை. கையில் வரும் சம்பளம் 72,000 ரூபாய். வீட்டுக்கடன் தவணை 24,000, குடும்பச் செலவு எல்லாம் போக மாதம் 14,000 மிஞ்சுகிறது. அவசரத்துக்கு 1.8 லட்சம் எஃப்டியில் இருக்கிறது. இரண்டு வருடமாக ரேஸ் கோர்ஸ் நடைபாதையில் வாரம் நான்கு நாள் ஓடுகிறேன். மழையிலும் ஷிஃப்ட் மாறும்போதும் விட்டுப்போகிறது. ஆன்லைனில் ‘4 ஹெச்பி’ ட்ரெட்மில் 32,000க்கு இருக்கிறது. கடையில் பார்த்தது 68,000. 12 மாத நோ காஸ்ட் இஎம்ஐ (வட்டியில்லாத் தவணை) உண்டு. மனைவியோ மாதம் 1,500 கட்டி ஜிம்முக்குப் போகச் சொல்கிறார். எது சரி?

பதில்: ட்ரெட்மில் வாங்கலாமா என்று கேட்பவர்களிடம் பெரும்பாலும் ‘வேண்டாம்’ என்றுதான் சொல்வேன். ஜனவரி 1 அன்று வாங்கி, பொங்கல் வரை ஓடி, அப்புறம் துண்டு காயப்போடும் கொடியாகிப்போன மெஷின்கள் எத்தனையோ வீட்டில் நிற்கின்றன. எங்கள் வீட்டிலும் ஒன்று நின்றது. நீங்கள் இரண்டு வருடமாக ஓடுகிறவர் என்பதால் உங்கள் கேள்வியைக் கொஞ்சம் மரியாதையோடு பார்க்கிறேன்.

ஆனாலும் ஒரு விஷயம் இடிக்கிறது. மழை இல்லாத நாளில் ரேஸ் கோர்ஸ் மரநிழலை விட்டுவிட்டு ஹாலில் சுவரைப் பார்த்தா ஓடப்போகிறீர்கள்? மெஷின் வேலை செய்யப்போவது, இப்போது விட்டுப்போகிற நாட்களில் மட்டும்தான். ஃபோனில் ஓட்டக் கணக்கு வைத்திருப்பீர்கள் அல்லவா, அதைத் திறந்து போன வருடம் எத்தனை நாள் விட்டுப்போனது என்று எண்ணிப் பாருங்கள்.

கடை மெஷினைப் பேரம் பேசி 64,000க்கு வாங்குகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். ஐந்து வருடத்தில் பெல்ட், சிலிக்கான் ஆயில், சர்வீஸ் என்று ஒரு 10,000. கடைசியில் விற்றால் 14,000 கிடைக்கலாம். ஆக நிகரச் செலவு 60,000. விட்டுப்போன நாள் வருடத்துக்கு 100 என்றால், ஒரு ஓட்டத்துக்கு 120 ரூபாய். 40தான் என்றால் 300 ரூபாய். இந்த இரண்டாவது கணக்கு வந்தால் உங்கள் மனைவி சொல்வதே சரி. அப்போதும் வருடம் முழுக்கக் கட்ட வேண்டாம். மழை மாதம் மூன்றுக்கு மட்டும் கட்டினால் 4,500 ரூபாயோடு முடிந்தது. 100ஐத் தாண்டி, அதில் பாதி ஷிஃப்ட்டால் போனது என்றால் மெஷின் வாங்குங்கள். இரவு பதினொரு மணிக்குப் பெரும்பாலான ஜிம்கள் திறந்திருக்காது.

மின்சாரம் பெரிய செலவு இல்லை. 40 நிமிட ஓட்டத்துக்கு அரை யூனிட் அளவில் ஆகும். இரண்டு மாத ரீடிங் ஏற்கெனவே 480, 490 என்று வருகிற வீடாக இருந்தால் மட்டும் கவனியுங்கள். 500ஐத் தாண்டினால் ஸ்லாபே (கட்டண அடுக்கே) மாறி பில் எகிறும்.

இனி, அந்த 32,000 ரூபாய் மெஷின். அதை மறந்துவிடுங்கள். பெரிய எழுத்தில் போட்டிருக்கும் 4 ஹெச்பி ‘பீக்’ கணக்கு; மோட்டார் ஒரு நொடி முக்கிக் காட்டும் சக்தி. தொடர்ந்து தருகிற சக்தியை ‘கன்டினியூயஸ்’ என்று சின்ன எழுத்தில் போட்டிருப்பார்கள். பெரும்பாலும் அதில் பாதிதான் இருக்கும். நடப்பவருக்கு அது போதும். 82 கிலோவோடு ஓடுகிற உங்களுக்கு கன்டினியூயஸ் 3 ஹெச்பிக்குப் பக்கத்தில் வேண்டும். பெல்ட் நீளம் 140 சென்டிமீட்டர், அகலம் 50. உங்கள் உயரத்துக்கு 120 சென்டிமீட்டர் பெல்ட்டில் ஓடினால் காலைச் சுருக்கிச் சுருக்கித்தான் வைக்க வேண்டியிருக்கும். கடையில் ஷூ போட்டுக்கொண்டு போய், வழக்கமான வேகத்தில் பத்து நிமிடம் ஓடிப் பார்க்காமல் பணம் கொடுக்காதீர்கள். விற்பனையாளர் முகம் சுளித்தால் சுளிக்கட்டும்.

வாரன்டியிலும் இதே சின்ன எழுத்து விளையாட்டு உண்டு. ‘மோட்டாருக்கு 5 வருடம்’ என்பது கேட்க நன்றாக இருக்கும். வோல்டேஜ் ஏறி இறங்கினால் முதலில் போவது, மோட்டாரைக் கட்டுப்படுத்தும் கன்ட்ரோலர் போர்டு. என் மெஷினில் 14வது மாதம் அதுதான் போனது. அதற்கு வாரன்டி ஒரு வருடம். மெக்கானிக் வெளியூரிலிருந்து வரவேண்டும் என்றார்கள். துண்டு காயப்போட ஆரம்பித்தது அன்றைக்குத்தான். போர்டுக்கு எத்தனை வருடம், அதன் விலை என்ன, கோவையிலேயே ஆள் இருக்கிறாரா என்று கேட்டு, பில்லிலேயே எழுதி வாங்குங்கள். எர்த்திங் சரியாக உள்ள தனி 16 ஆம்பியர் பிளக்கும் வேண்டும்.

நோ காஸ்ட் இஎம்ஐக்கு வருவோம். வட்டியே இல்லாத கடன் என்று ஒன்று கிடையாது. 2013லேயே ரிசர்வ் வங்கி, வட்டி இல்லை என்று சொல்லி விற்பதைக் கண்டித்திருக்கிறது. வங்கி வட்டி போடும், அதே தொகையைக் கடை தள்ளுபடியாகக் கழிக்கும். அந்த வட்டிக்கு 18 சதவீத ஜிஎஸ்டி மட்டும் உங்கள் தலையில். 68,000க்கு அது சுமார் 900 ரூபாய், மேலே பிராசஸிங் கட்டணம். ரொக்கத்துக்குக் கிடைத்திருக்கும் 4,000 குறைப்பும் போச்சு. எல்லாம் சேர்த்தால் ஆண்டுக்கு 14, 15 சதவீத வட்டிக்குக் கடன் வாங்கியதற்குச் சமம்.

எஃப்டியையும் தொடாதீர்கள். தவணையும் வீட்டுச் செலவுமாக மாதம் 58,000 போகிற வீட்டுக்கு 1.8 லட்சம் மூன்று மாதம்தான் தாங்கும். மிஞ்சுகிற 14,000ஐ ஐந்து மாதம் ஆர்டியில் (மாதாமாதம் கட்டும் வங்கிச் சேமிப்பில்) போடுங்கள், 70,000 சேர்ந்துவிடும். நடுவில் ஒரே ஒரு மாதம் ஜிம்மில் சேர்ந்து ட்ரெட்மில்லில் ஓடிப் பாருங்கள். ரோட்டில் பத்து கிலோமீட்டர் ஓடுகிற சிலருக்கு பெல்ட்டில் இரண்டு கிலோமீட்டர் தாண்டுவதற்குள் சலித்துவிடும்.

உங்கள் வீடு மாடியில் என்றால், 90 கிலோ மெஷினைத் தூக்கி ஏற்றும் கூலி யாருடையது என்பதை பில் போடும் முன்பே கேட்டுவிடுங்கள். இரவு ஷிஃப்ட் முடிந்து ஓடுவதாக இருந்தால் கீழ் வீட்டுக்காரரிடமும் ஒரு வார்த்தை.