குதிகால் வலியோடு பழனிக்கு நடக்கலாமா?

காரைக்குடிக்கு அருகிலுள்ள ஓர் ஊரிலிருந்து 46 வயது வாசகர் ஒருவர் எழுதுகிறார்: "தினமும் காலையில் ஒரு மணி நேரம் நடப்பேன், மாலையில் ஷட்டில் ஆடுவேன். நான்கு மாதமாக வலது குதிகாலில் வலி. எழுந்து முதல் அடி வைக்கும்போது ஊசி குத்துவதுபோல் இருக்கிறது. பத்தடி நடந்தால் தணிகிறது. எக்ஸ்ரேயில் எலும்பு வளர்ந்திருப்பதாகச் சொன்னார்கள். ஒருவர் ஊசி போடச் சொல்கிறார், ஒருவர் நடக்கவே கூடாது என்கிறார், செங்கல்லைச் சுடவைத்து எருக்கிலை போட்டு மிதிக்கச் சொல்கிறார் என் தாயார். தைப்பூசத்துக்கு ஐந்து மாதம் இருக்கிறது. பழனிப் பாதயாத்திரைக்குப் போகலாமா?"

போகலாம் என்றே நினைக்கிறேன். ஆனால் அந்த ஐந்து மாதத்தையும் ஓய்வில் கழித்துவிட்டுப் போகக் கூடாது. முதல் அடியில் மிகுந்து, நடக்க நடக்கத் தணிந்து, நெடுநேரம் நின்றபின் மீண்டும் தலைதூக்கும் இந்த வலியைப் பெரும்பாலும் உண்டாக்குவது, உள்ளங்காலில் இருக்கும் பிளான்டர் ஃபேசியா என்ற தடித்த நார்ப்பட்டை. அது குதிகால் எலும்பின் அடியில், உள்ளோரமாகத் தொடங்கி, ஐந்து விரல்களின் அடிவரை விசிறிபோல் விரிகிறது. குதிகாலைத் தூக்கி முன்னங்காலை ஊன்றும் ஒவ்வொரு முறையும் விரல்கள் மடங்க, கிணற்று ராட்டினத்தின்மேல் ஏறிய கயிறுபோல இந்தப் பட்டை இறுகி, பாதவளைவைத் தாங்கிப் பிடிக்கிறது. உறங்கும்போது பாதம் கீழ்நோக்கித் தளர்ந்து கிடப்பதால் பட்டையும் சுருங்கிக் கிடக்கிறது. விடிந்ததும் உடலின் முழு எடை திடீரென்று அதை இழுப்பதுதான் உங்களுக்கு ஊசியாகக் குத்துகிறது.

எக்ஸ்ரேயில் தெரிந்த எலும்பு முனையைக் கண்டு அஞ்ச வேண்டாம். வலியே இல்லாத பலருடைய குதிகாலிலும் அத்தகைய முனை இருக்கிறது; வலி முழுதும் போன பிறகும் அது அங்கேயேதான் இருக்கும். அது முள்போலச் சதையில் குத்துகிறது என்பது தவறான கற்பனை. நாட்பட்ட வலியில் அந்த நார்களை எடுத்துச் சோதித்தபோது, அழற்சியைவிட நார்களின் தேய்மானமும் சிதைவுமே அதிகம் தென்பட்டன. இந்த வேறுபாடு சிகிச்சைக்கு முக்கியமானது. வெறும் அழற்சியாக இருந்தால் மாத்திரையும் ஓய்வும் போதும். தேய்ந்த நாரோ, தாங்கக்கூடிய சுமையைப் படிப்படியாக ஏற்றினால்தான் வலுப்பெறும்.

ஆனாலும் இது அந்த வலிதானா என்று முதலில் உறுதிசெய்துகொள்ளுங்கள். குதிகாலின் அடியில், உள்ளோரத்தில் கட்டைவிரலால் அழுத்தும்போது அதே வலி எழுந்தால் பெரும்பாலும் இதுதான். குதிகாலின் இரு பக்கங்களையும் சேர்த்துப் பிடித்து அழுத்தும்போது கடுமையாக வலித்தால், அதிலும் நடையைத் திடீரென்று கூட்டிய பிறகு அப்படி நேர்ந்தால், எலும்பில் நுண்விரிசல் இருக்கலாம். அதற்கு ஓய்வுதான் சிகிச்சை. பின்பக்கத்தில் வலித்தால் அது கெண்டைக்கால் சதையைக் குதிகாலோடு இணைக்கும் நாணின் கோளாறு. எரிச்சலும் மரப்பும் சேர்ந்திருந்தால் நரம்பைப் பார்க்க வேண்டும். இளவயதில் இரண்டு குதிகாலும் வலித்து, இடுப்பும் முதுகும் காலையில் அரைமணி நேரத்துக்கு மேல் இறுகியிருந்தால் மூட்டுவாத மருத்துவரிடம் செல்வது அவசியம்.

அடுத்து, நீங்கள் சொல்லாமல் விட்டதைக் கேட்கிறேன்: நான்கு மாதத்துக்கு முன் என்ன மாறியது? ஷட்டில் புதிதாகத் தொடங்கியதா, எடை கூடியதா, செருப்பு தேய்ந்ததா? உங்கள் பகுதியில் நான் தவறாமல் கேட்கும் இன்னொரு கேள்வி வீட்டுத் தரையைப் பற்றியது. ஆத்தங்குடி ஓடு பதித்த முகப்பிலும் வளவிலும் நாளெல்லாம் வெறுங்காலோடு நடப்பது கண்ணுக்கு அழகு. வலிக்கும் குதிகாலுக்கோ அது சிமெண்டுதான், சிறிதும் விட்டுக்கொடுக்காது. வலி தீரும்வரை வீட்டுக்குள்ளும் எம்.சி.ஆர். என்ற மெத்தென்ற ரப்பர் செருப்பு அணியுங்கள். பூசையறை வாசலில் அதைக் கழற்றிக்கொள்ளலாம். அந்தச் சில அடிகளால் கேடு வராது.

இனிப் பயிற்சிக்கு வருவோம். காலையில் கட்டிலைவிட்டு இறங்குமுன் வலிக்கும் காலை மற்றத் தொடைமேல் குறுக்காக வைத்து, விரல்களை முழங்காலை நோக்கி வளைத்துப் பிடியுங்கள். உள்ளங்காலில் பட்டை கம்பிபோல் புடைப்பது கைக்குத் தெரியும். பத்து எண்ணும்வரை பிடித்து, பத்து முறை செய்யுங்கள். ஒரு நாளில் மூன்று வேளை. முதல் அடியின் வலியைக் குறைக்க இதைவிட எளிய வழி நான் அறிந்து இல்லை.

வலுவூட்டும் பயிற்சிக்குத் திண்ணைப் படியே போதும். துண்டொன்றைச் சுருட்டிப் படியின் ஓரத்தில் வைத்து, விரல்கள் அதன்மேல் மேல்நோக்கி மடங்கியிருக்குமாறு முன்னங்காலை ஊன்றி, குதிகாலை வெளியே விட்டு, சுவரைப் பிடித்துக்கொண்டு நில்லுங்கள். மூன்று வினாடியில் எழும்பி, இரண்டு வினாடி நின்று, மூன்று வினாடியில் கீழே இறங்க வேண்டும். ஒற்றைக் காலில் பன்னிரண்டு முறை முடியாவிட்டால் இரு காலில் தொடங்கலாம்; பழகியபின் முதுகுப் பையில் புத்தகங்களை நிரப்பிச் சுமையைக் கூட்டுங்கள். ஒரு நாள் விட்டு ஒரு நாள் செய்தால் போதும், நாள்தோறும் வேண்டாம். டென்மார்க்கில் 48 பேரிடம் நடந்த ஓர் ஆய்வில், இந்தப் பயிற்சியைச் செய்தவர்கள் வெறும் நீட்டல் பயிற்சி செய்தவர்களைவிட மூன்றாம் மாதத்தில் நன்கு முன்னேறியிருந்தார்கள். ஓராண்டு முடிவில் இரு சாராரும் ஏறக்குறைய ஒரே நிலையில் இருந்தார்கள். பாதயாத்திரை ஐந்தாம் மாதத்தில் என்பதால் உங்களுக்கு அந்த முன்னிலை தேவைப்படுகிறது. செய்யும்போது சிறிது வலிக்கலாம். மறுநாள் காலையின் முதல் அடி வழக்கத்தைவிட அதிகமாக வலித்தால்தான் சுமை மிஞ்சிவிட்டது என்று பொருள்.

எருக்கிலை ஒத்தடத்தைப் பொறுத்தவரை, தாயார் சொல்வதைத் தள்ள வேண்டியதில்லை. வெப்பம் தசையைத் தளர்த்திச் சற்று நேரம் ஆறுதல் தரும், தேய்ந்த நாரை அது சரிசெய்யாது. ஆனால் உங்களுக்குச் சர்க்கரை நோய் இருந்தால் செங்கல் வேண்டவே வேண்டாம்: உணர்ச்சி குறைந்த பாதம் வெந்தாலும் தெரியாது, புண் ஆறவும் நாளாகும். எருக்கம்பால் கண்ணில் படாமலும் பார்த்துக்கொள்ளுங்கள். ஸ்டீராய்டு ஊசி சில வாரங்களுக்கு வலியை நன்றாகவே அடக்கும். திரும்பத் திரும்பப் போட்டால் பட்டை அறுந்துபோகவும் குதிகாலின் கொழுப்பு மெத்தை மெலியவும் வாய்ப்புண்டு. யாத்திரைக்கு முந்தைய வாரம் ஊசி போட்டுக்கொண்டு, வலி தெரியாத காலோடு நெடுந்தூரம் நடப்பதை நான் ஒருபோதும் பரிந்துரைக்க மாட்டேன்.

இது ஆவணி. புரட்டாசிவரை ஷட்டிலை நிறுத்திவிட்டு, நடையை வலி பொறுக்கும் அளவுக்குச் சுருக்கி, மீதி நேரத்துக்குச் சைக்கிள் மிதியுங்கள். ஐப்பசியிலிருந்து நடையை வாரந்தோறும் சிறிது சிறிதாகக் கூட்டலாம். குன்றக்குடியிலிருந்து சிங்கம்புணரி, நத்தம், திண்டுக்கல் வழியாகப் பழனிக்குச் செல்லும் நடையில் காலைச் சோதிப்பது ஒரு நாளின் தூரமன்று. இருபது கிலோமீட்டருக்கு மேல் நடந்த மறுநாளும் அதே தூரம் நடக்க வேண்டியிருப்பதுதான். ஆகவே மார்கழியில் அடுத்தடுத்து இரண்டு நாள் பதினைந்து கிலோமீட்டர் நடந்து பாருங்கள். மூன்றாம் நாள் காலை முதல் அடி தாங்கும்படி இருந்தால் புறப்படலாம். காவடி எடுப்பதாக இருந்தால் அதே எடையைத் தோளில் வைத்துப் பழகிக்கொள்ளுங்கள். திரும்பும் வழியையும் நடந்தே வருவது நேர்த்தியென்றால், இந்த ஆண்டு வண்டியில் திரும்ப வீட்டாரிடம் இப்போதே பேசிவையுங்கள். வெறுங்காலோடுதான் நடக்க வேண்டுமென்றால், வலி முற்றிலும் நின்ற பிறகு, செம்மண் பாதையில் பத்து நிமிடத்தில் தொடங்கிப் பழக்குங்கள். ஐப்பசி முடிந்தும் காலை வலி சிறிதும் குறையவில்லையென்றால் எலும்பு மருத்துவரிடம் அல்ட்ராசவுண்ட் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். கருவியால் குதிகாலில் அதிர்வலைகளைச் செலுத்தும் அதிர்வலைச் சிகிச்சை உங்களுக்குப் பொருந்துமா என்பதையும் அவரிடமே கேட்கலாம்.