ஐந்நூறைத் தாண்டிய பில், நிறையாத டேங்க்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

கோடை முடிந்து கரண்ட் பில் கைக்கு வந்ததுமே கேள்விகள் வரிசை கட்டிவிடும். இந்த முறையும் பாதிக் கேள்விகள் பில்லைப் பற்றித்தான். மீதி தண்ணீர். இரண்டும் ஒரே குழாயில் வரும் சங்கதி என்பது மோட்டார் போடுகிற எல்லோருக்கும் தெரியும்.

போன பில் 490 யூனிட், இந்தப் பில் 510. இருபது யூனிட்டுக்கு ஏறக்குறைய நானூறு ரூபாய் ஏறியிருக்கிறது. மீட்டரில் கோளாறா? (வாசகர், மதுரை)

மீட்டர் நன்றாகத்தான் இருக்கிறது. நீங்கள் 500 என்ற கோட்டைத் தாண்டிவிட்டீர்கள், அவ்வளவுதான்.

தமிழ்நாட்டில் வீட்டு இணைப்புக்கு இரண்டு மாதத்துக்கு ஒரு பில். முதல் 100 யூனிட் எல்லோருக்கும் இலவசம். 500-க்குள் நின்றால் அடுத்த 100 யூனிட்டுக்கும் சலுகை விலை உண்டு. 500-ஐத் தாண்டினால் அந்தச் சலுகை போய்விடும். 101-லிருந்து 400 வரை எல்லாமே ஒரே விலை. 2022 செப்டம்பரில் வந்த கட்டணப்படி 500 யூனிட்டுக்கு 1,725 ரூபாய், 501 யூனிட்டுக்கு 1,958 ரூபாய். கடைசி ஒரு யூனிட்டின் விலை 233 ரூபாய்! அதற்குப் பிறகு விலைகள் இன்னும் ஏறியிருக்கின்றன. இந்தப் படி மட்டும் அப்படியே இருக்கிறது.

அதனால் ரீடிங் எடுக்க ஆள் வரும்வரை காத்திருக்காதீர்கள். கடைசியாக ரீடிங் எடுத்த தேதியையும் எண்ணையும் மீட்டர் பெட்டிக்குள் ஒரு சீட்டில் எழுதி ஒட்டிவையுங்கள். நாற்பத்தைந்தாம் நாள் போய்ப் பாருங்கள். 390 ஓடியிருந்தால் மிச்சமிருக்கும் பதினைந்து நாளுக்கு நாளொன்றுக்கு ஏழு யூனிட்தான் கணக்கு. அப்போது எதைக் குறைப்பது என்று யோசிக்கலாம். பதில் பெரும்பாலும் ஏசிதான். ஒன்றரை டன் பழைய ஏசி இரவு முழுக்க ஓடினால் எட்டு யூனிட் வரை இழுத்துவிடும். ஒரு டிகிரி கூட்டி வைத்தால் சுமார் 6 சதவீதம் மிச்சம் என்பது மத்திய அரசின் எரிசக்தித் திறன் அமைப்பு சொல்லும் கணக்கு. 26-இல் வைத்து, மின்விசிறியையும் மெதுவாக ஓடவிடுங்கள். இரண்டு நாளில் உடம்பு பழகிவிடும். பூஜை அறையின் எல்.இ.டி. விளக்கை அணைத்து அணைத்து யாரும் ஐந்நூறுக்குக் கீழே இறங்கியதில்லை.

ஒரு எச்.பி. மோட்டார். சம்பிலிருந்து மாடி டேங்க் முன்பெல்லாம் 20 நிமிடத்தில் நிறையும். இப்போது 40 நிமிடம் ஆகிறது. மோட்டாரை மாற்றச் சொல்கிறார் பிளம்பர். (வாசகி, திருச்சி)

கொஞ்சம் பொறுங்கள். மோட்டார் கடைசியில் சந்தேகப்பட வேண்டிய ஆள்.

முதலில் மாடிக்கு ஏறி, டேங்குக்குள் விழும் தண்ணீரை ஒரு வாளியில் பிடித்துப் பாருங்கள். 20 லிட்டர் வாளி எத்தனை விநாடியில் நிறைகிறது? உங்கள் டேங்க் 500 லிட்டர் என்று வைத்தால், இருபது நிமிடத்தில் அது ஏறிய காலத்தில் வாளி 48 விநாடியில் நிறைந்திருக்கும். இப்போதும் அதே வேகம் என்றால் மோட்டார்மேல் குற்றமில்லை. தண்ணீர் ஏறுகிற வேகத்திலேயே எங்கோ இறங்கிக்கொண்டிருக்கிறது. கீழே எல்லாக் குழாயையும் மூடிவிட்டு, கழிவறைத் தொட்டிகளைப் பாருங்கள்.

வரத்தே குறைவு என்றால் ஃபுட் வால்வை, அதாவது சம்புக்குள் உறிஞ்சும் குழாயின் அடியில் தண்ணீர் திரும்ப இறங்காமல் பிடித்துவைக்கும் வால்வைப் பார்க்க வேண்டும். மோட்டாரை நிறுத்தி அரைமணி நேரம் கழித்து, பம்ப் தலையில் தண்ணீர் ஊற்றும் மூடியைத் திறங்கள். தண்ணீர் விளிம்பு வரை நின்றால் வால்வ் சரி. இறங்கிப் போயிருந்தால் வால்வ் ஒழுகுகிறது, அல்லது உறிஞ்சும் குழாயின் இணைப்பு ஒன்று காற்று வாங்குகிறது. காற்று வாங்கினால் மேலே தண்ணீர் துப்பித் துப்பி விழும், அதை வைத்தே கண்டுபிடித்துவிடலாம். வால்வின் சல்லடையில் சேறு அடைத்திருந்தாலும் இதே கதைதான். சம்பைக் கழுவும்போது அதையும் கழற்றித் தேய்க்கச் சொல்லுங்கள். மோட்டார் போட்டதும் முனகிக்கொண்டே கிளம்பினால் கெபாசிட்டர் போயிருக்கலாம். அது சின்னச் செலவு. இதெல்லாம் சரியாக இருந்தால் மட்டும் பம்பைப் பிரித்து, உள்ளே சுற்றும் இம்பெல்லர் தேய்ந்திருக்கிறதா என்று பார்க்கலாம்.

ஒரு எச்.பி. மோட்டார் ஒரு மணி நேரத்துக்கு ஏறக்குறைய ஒரு யூனிட் இழுக்கும். தினமும் கூடுதலாக 20 நிமிடம் என்றால் இரண்டு மாதத்தில் 20 யூனிட். மதுரை வாசகரைக் கோட்டுக்கு அந்தப் பக்கம் தள்ளியது இந்த அளவுதான்.

ஆர்.ஓ. மெஷினில் ஒரு குடம் நல்ல தண்ணீருக்கு மூன்று குடம் வீணாகப் போகிறது. அதைச் செடிக்கு விடலாமா? (வாசகி, தாம்பரம்)

செடிக்கு விடலாமா என்பதற்கு முன்னால், உங்களுக்கு ஆர்.ஓ. தேவையா என்று பார்த்துவிடுவோம். தண்ணீரில் கரைந்திருக்கும் உப்பை அளக்கும், பேனா மாதிரி டி.டி.எஸ். மீட்டர் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. மெஷினுக்குள் போகும் தண்ணீரை அளந்து பாருங்கள். குடிநீருக்கான இந்தியத் தரத்தில் லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை தாராளமாக ஏற்கத்தக்கது. வேறு வழியே இல்லாத இடத்தில் 2,000 வரை அனுமதி உண்டு. 500-க்குக் கீழே இருக்கும் இடங்களில் ஆர்.ஓ. வேண்டாம் என்று தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2019-இலேயே சொன்னது. உங்கள் வீட்டுக்கு வருவது ஆற்று நீரோ ஏரி நீரோ என்றால், காய்ச்சி ஆறவைப்பதோ யு.வி. மெஷினோ போதும். ஆனால் டி.டி.எஸ். என்பது கரைந்த உப்பின் கணக்கு மட்டுமே. கிருமியை அது காட்டாது. அளவு குறைவாக இருக்கிறது என்று குழாயிலிருந்து நேராகக் குடித்துவிடாதீர்கள்.

போர் தண்ணீர் 1,200 காட்டுகிறது, ஆர்.ஓ. இல்லாமல் முடியாது என்றால், வெளியேறும் தண்ணீரில் உப்பு 1,600 அளவுக்கு இருக்கும். நான்கு குடத்து உப்பு மூன்று குடத்துக்குள் அடங்குகிறது, கணக்கு நேரானதுதான். தினமும் அதைத் தொட்டிச் செடிக்கு விட்டால் மண்ணில் உப்பு ஏறி இலை நுனி கருகும். தென்னை ஓரளவு தாங்கும். மற்றபடி தரை துடைக்க, கழிவறைக்கு ஊற்ற, பாத்திரத்தை முதல் அலசு அலசப் பயன்படுத்துங்கள். கார் கழுவினால் வெள்ளைப் புள்ளி விழும். கழிவுக் குழாயை சிங்க்குக்குள் விடாமல் நீட்டி ஒரு மூடி போட்ட டிரம்மில் விட்டுவிட்டால் பாதி வேலை முடிந்தது. தூக்கிச் சுமக்க வேண்டியிருந்தால் எந்த நல்ல பழக்கமும் ஒரு வாரத்துக்கு மேல் நிற்காது.

பி.எல்.டி.சி. மின்விசிறி உண்மையிலேயே லாபமா? (வாசகர், சேலம்)

ஓடும் நேரத்தைப் பொறுத்தது. சாதாரண விசிறி 75 வாட், இது 30 வாட் என்று வையுங்கள். தினம் 15 மணி நேரம் ஓடும் ஹாலில் இரண்டு மாதத்துக்கு 40 யூனிட் மிச்சம். விலை 3,000 ரூபாய் என்றாலும் இரண்டு மூன்று ஆண்டில் காசு திரும்பிவிடும். விருந்தாளி வந்தால் மட்டும் சுற்றும் அறைக்கு வேண்டாம். மாட்டும்போது பழைய ரெகுலேட்டரைக் கழற்றி நேர் இணைப்பு கொடுக்கச் சொல்லுங்கள். இதன் வேகம் ரிமோட்டில் மாறுவது. ரெகுலேட்டர் நடுவில் இருந்தால் உள்ளே இருக்கும் சர்க்யூட் கெட்டுவிடலாம்.

கழிவறைத் தொட்டி ஒழுகுகிறதா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? சத்தமே இல்லை. (வாசகர், கோவை)

இரவு படுக்கப் போகும்போது தொட்டிக்குள் கொஞ்சம் பீட்ரூட் சாறு ஊற்றிவிடுங்கள். காலையில் யாரும் தண்ணீர் திறந்துவிடுவதற்கு முன் கோப்பையைப் பாருங்கள். சிவப்பு இறங்கியிருந்தால் அடியில் இருக்கும் வாஷர் போய்விட்டது. மாற்ற நூறு, இருநூறு ரூபாய்தான். மஞ்சள் தூள் வேண்டாம், கறை படியும்.

கேஸை விட்டுவிட்டு இண்டக்‌ஷனுக்கு மாறலாமா? (வாசகி, வேலூர்)

14.2 கிலோ சிலிண்டர் ஒன்று செய்யும் சமையலை இண்டக்‌ஷனில் செய்ய ஏறக்குறைய 130, 140 யூனிட் ஆகும். சிலிண்டர் இரண்டு மாதம் வருகிறது, உங்கள் பில்லும் 300 யூனிட் அளவில் நிற்கிறது என்றால் இண்டக்‌ஷன் கட்டுப்படியாகும். ஏற்கெனவே 450 என்றால், அந்த 130 உங்களை நேராக 500-க்கு மேலே கொண்டுபோய் வைத்துவிடும். அப்போது கேஸே மலிவு. நடுவழி ஒன்று உண்டு: பால், டீ, வெந்நீர் மட்டும் இண்டக்‌ஷனில். எதில் சமைத்தாலும் சரி, பருப்பை ஊறவைத்துக் குக்கரில் போடுவதில் கிடைக்கும் மிச்சத்துக்கு ஈடில்லை.

2003-இல் போட்ட மழைநீர்க் குழி இருக்கிறது. மழை கொட்டினாலும் கிணற்றில் நீர் ஏறக் காணோம். மாடி 800 சதுர அடி. (வாசகர், ஆவடி)

தமிழ்நாட்டில் எல்லாக் கட்டடத்துக்கும் மழைநீர்ச் சேகரிப்பு கட்டாயம் என்று வந்த ஆண்டு அது. அந்த அவசரத்தில் தோண்டிய குழிகளில் பல அதற்குப் பிறகு திறக்கப்படவே இல்லை. உங்களுடையதையும் திறந்து பாருங்கள். மேல் மணல் களிமண் பூசியதுபோல் இறுகிக் கிடக்கும். மணலை எடுத்துப்போட்டு, ஜல்லியைக் கழுவி, புது மணல் போட வேண்டும். ஐப்பசி மழைக்கு முன்னால், புரட்டாசிக்குள் முடித்துவிடுங்கள்.

800 சதுர அடி என்பது 74 சதுர மீட்டர். ஒரு மில்லிமீட்டர் மழைக்கு 74 லிட்டர். ஐந்து சென்டிமீட்டர் பெய்கிற ஒரு நாளில் சேதாரம் போக 3,000 லிட்டராவது இறங்கும். கிணறு இருக்கும்போது இதைக் குழியில் விடுவதைவிட, மணலும் ஜல்லியும் போட்ட சின்ன வடிகட்டித் தொட்டி வழியாக நேரே கிணற்றில் இறக்குவது மேல். முதல் மழையின் அழுக்குத் தண்ணீரை வெளியே விட ஒரு திருகு வால்வ் வையுங்கள். மாடித் தண்ணீர் மட்டும்தான் கிணற்றுக்குள் போக வேண்டும், தெருத் தண்ணீரோ துணி துவைத்த தண்ணீரோ கலக்கவே கூடாது. கிணற்று வாயில் கொசுவலை கட்டுங்கள்.

இவ்வளவு செய்தும் மறுநாளே மட்டம் ஏறாது. கிணற்றில் இறங்கிய நீர் சுற்றிலும் பரவும், பக்கத்து வீட்டு போரும் அதைத்தான் உறிஞ்சும். அவர்கள் மாடிக் குழாயையும் இந்தப் பக்கம் திருப்பச் சொல்லிக் கேட்டுப் பாருங்கள்.