வாசகர் கேள்விகள்: கப்போயிராவில் காலும் தரையும்

கேள்வி: என் மகன் சின்ன வயதிலிருந்து சிலம்பம் சுற்றுகிறான். இப்போது பிரேசிலின் தற்காப்புக் கலையான கப்போயிரா பழகுகிறான். அடிப்படை அசைவான ஜிங்காவிலேயே தடுமாறுகிறான். காலைத் தட்டினால் விழுந்துவிடுகிறான். ஏன்?
– ஒரு வாசகி, தேவகோட்டை

பதில்: கம்பு கையில் இருக்கும்போது உடம்பை ஒருக்களித்து, ஒரு காலுக்கு நேர் பின்னால் மறு காலை வைத்து நின்றாலும் சமாளிக்கலாம். ஜிங்காவில் அது ஆகாது. இரு பாதமும் ஒரே கோட்டில் வந்தால் பக்கவாட்டில் பிடிமானம் போய்விடும். காலை வாரும் ‘ஹஸ்தேய்ரா’ அந்த நேரம் பார்த்துத்தான் வரும்.

தோள் அகலத்தைவிடச் சற்றுக் கூடுதலாக இடம் விட்டு, தரையில் சாக்பீஸால் இரண்டு இணைகோடுகள் போடச் சொல்லுங்கள். வலது கால் வலது கோட்டை விட்டு வரக்கூடாது, இடது கால் இடது கோட்டை. வலது காலைப் பின்னே வைக்கும்போது முன்பாதம் மட்டும் ஊன்ற வேண்டும், குதிகால் தூக்கியிருக்கும், இடது முழங்கால் மடங்கும். எந்தக் கால் பின்னே போகிறதோ அந்தப் பக்கத்து முன்கை முகத்தைக் காக்க வேண்டும். பலரும் கையை மாற்றி வைத்துவிடுகிறார்கள். கால்கள் இணையாக வரும்போது நிமிர்ந்துவிடாமல், தலை ஒரே உயரத்தில் போகிறதா என்று பக்கத்தில் நின்று கவனியுங்கள். முக்கோணம் போட்டுச் சொல்லித்தருகிறவர்களும் உண்டு. ஒருகோட்டுப் பழக்கம் ஊறியவர்களுக்கு இந்த இரண்டு கோடுதான் நல்லது.

கேள்வி: வீட்டு வளவில் ஆத்தங்குடிக் கல் பாவியிருக்கிறது. ‘மெயா லூவா டி கொம்பாசு’ உதை பழகினால் வழுக்குகிறது. மொட்டை மாடிக்குப் போனால் முழங்கால் வலிக்கிறது.
– ஒரு வாசகர், கானாடுகாத்தான்

பதில்: இரண்டுக்கும் காரணம் ஊன்றிய கால்தான். இந்த உதையில் முழு உடம்பும் ஒரே பாதத்தின் மேல் சுழல்கிறது. மாடியின் சொரசொரப்பான சிமெண்டில் வெறும் பாதம் ஒட்டிக்கொள்ளும். இடுப்பு திரும்பும், பாதம் திரும்பாது, முறுக்கு முழுவதும் முழங்காலில் இறங்கும். நாள்பட்ட ஆத்தங்குடிக் கல்லோ வழவழப்பானது, வியர்வை சொட்டினால் பாதம் நிற்காது. கெட்டிப்பட்ட மண்தரையைக் கல் பொறுக்கிக் கூட்டிவிட்டுப் பழகுவதே நல்லது. வளவில்தான் முடியும் என்றால் மெல்லிய ரப்பர் அடி உள்ள ஷூ போட்டு, உலர்ந்த துணியால் அடிக்கடி துடைத்துக்கொள்ளுங்கள்.

வலது காலால் உதைப்பதானால்: இடது காலை வலப்பக்கம் குறுக்கே வையுங்கள். மார்பு வலப்பக்கம் திரும்பிக் கீழே இறங்கட்டும். கைகளை இடது பாதத்துக்கு அருகே ஊன்றி, கால்களுக்கு நடுவே எதிராளியைப் பாருங்கள். அவர் கண்ணில் பட்ட பிறகுதான் வலது கால் கிளம்ப வேண்டும். குதிகால் முன்னே வர வளைந்து வீசும். பார்வைக்கு முன்பே கால் கிளம்புவதுதான் இதில் பெரிய தவறு. அடி குறி தவறும், தலையும் சுற்றும். வலி தீரும்வரை வேகம் வேண்டாம். வீக்கம் இருந்தால் மருத்துவரைப் பாருங்கள்.

கேள்வி: கப்போயிராவின் பாணிகளான அங்கோலா, ரிஜியோனல் இரண்டில் எதைப் பழகலாம்?
– ஒரு வாசகர், காரைக்குடி

பதில்: பிரேசிலின் சால்வடாரில் மெஸ்திரி (ஆசான்) பிம்பா 1930களில் வளர்த்தது ரிஜியோனல். நிமிர்ந்த ஆட்டம், வேகமான உதைகள், இருவர் சேர்ந்து பழகும் 8 தொடர்கள். பழைய முறையைக் காத்தவர் மெஸ்திரி பாஸ்தீனியா. அவர் வழிவந்த அங்கோலாவில் ஆட்டம் தரையோடு தாழ்ந்து, ஏமாற்று அசைவுகளோடு நடக்கும். நல்ல ஆசான் எதில் கிடைக்கிறாரோ அதில் சேருங்கள்.

கேள்வி: கப்போயிராவுக்கு வாசிக்கும் வில் போன்ற பெரிம்பாவ் வாத்தியத்தை நாமே செய்ய முடியுமா?
– ஒரு மாணவர், பள்ளத்தூர்

பதில்: முடியும். பிரேசிலில் பிரீபா மரக்கழியில் செய்வார்கள்; இங்கே முற்றிய மூங்கில் போதும். நீளம் சுமார் 1.5 மீட்டர். பழைய டயரின் உள்ளிருக்கும் எஃகுக் கம்பியை நாணாகக் கட்டுங்கள். காய்ந்த சுரைக்குடுக்கையின் வாயை அறுத்து, உள்ளே சுரண்டி, அடிமுனையிலிருந்து ஒரு சாண் உயரத்தில் கயிற்று வளையத்தால் கழியையும் கம்பியையும் சேர்த்து இறுக்குங்கள். ஒலி மந்தமாக இருந்தால் கயிற்றை மேலும் கீழும் நகர்த்திப் பாருங்கள். அதற்கும் சரியாகாவிட்டால் குடுக்கையை மாற்றுங்கள். குச்சியால் கம்பியைத் தட்டும்போது, சிறு கல்லைக் கம்பியில் அழுத்தினால் ஒரு சுரம், எடுத்தால் ஒரு சுரம், லேசாகத் தொட்டால் அதிர்வொலி. வாசித்து முடித்ததும் கம்பியைத் தளர்த்திவிடுங்கள். வளைத்தபடியே விட்டால் கழியின் விறைப்பு போய்விடும்.