வெடிக்காத பழைய குண்டில் பூட்டு மிச்சம் இருக்குமா?

கேள்வி: பெல்ஜியத்தில் ஈப்பர் ஊருக்கு வெளியே, வயலோரம் பித்தளை மூக்கோடு ஒரு பழைய குண்டு கிடந்தது. முதல் உலகப்போர் காலத்து பிரிட்டிஷ் குண்டாம். அதன் ஃபியூஸில், அதாவது குண்டை வெடிக்கவைக்கும் மூக்குப் பகுதியில், பாதுகாப்புப் பூட்டு உண்டு என்கிறார்கள். அப்படியானால் எடுத்துப் பார்க்கலாமா?

பதில்: தயவுசெய்து தொடாதீர்கள். பூட்டு இருந்தது உண்மை. ஆனால் அது பீரங்கியில் குண்டை ஏற்றியவர்களைக் காப்பதற்காக வைத்தது. சுட்டதுமே அது திறந்துகொள்ளும்.

உதாரணமாக, அந்தக் காலத்து பிரிட்டிஷ் வகையான 100ஆம் எண் ஃபியூஸைப் பாருங்கள். உள்ளே ஒரு சிறு உலோகக் கட்டை. அது முன்னால் நகர்ந்தால் ஒரு ஊசி வெடிமருந்தில் குத்தும், குண்டு வெடிக்கும். நகரவிடாமல் குறுக்கே ஒரு தாழ்ப்பாள். அந்தத் தாழ்ப்பாளையும் இன்னொரு சிறு முளை பிடித்திருக்கும். நின்ற பஸ் சட்டென்று கிளம்பினால் நாம் பின்னால் சாய்கிறோம் அல்லவா, அப்படித்தான் சுடும் வேகத்தில் முளை பின்னுக்குப் போய்விடும். குண்டு சுழலும்போது தாழ்ப்பாள் வெளிப்பக்கமாக விலகும். கை தவறி விழுந்தால் அதிர்ச்சி மட்டும்தான், சுழற்சி கிடையாது. அதனால் பூட்டு திறக்காது. நல்ல யோசனைதான்.

ஆனால் தாழ்ப்பாள் விலகிய பிறகு கட்டைக்கும் ஊசிக்கும் நடுவே இருப்பது ஒரே ஒரு மெல்லிய ஸ்பிரிங். சேற்றில் புதைந்து வெடிக்காமல் போன குண்டில் அந்த ஸ்பிரிங் நூறு வருஷத்துக்கு மேலாகத் துருப்பிடித்துக்கொண்டிருக்கிறது.

முள்கம்பி வேலிகளை அறுப்பதற்காக 1917 வாக்கில் பரவலாக வந்த 106ஆம் எண் ஃபியூஸ் இன்னும் நுட்பமானது. தலையில் ஒரு மூடி. ஏற்றுவதற்கு முன் அதைக் கழற்ற வேண்டும். அடியில் சுத்தியல் போன்ற தண்டு, அதன் கழுத்தில் இரு பாதியான வளையம், வளையத்தின் மேல் ரிப்பன் போலச் சுற்றிய பித்தளை நாடா. பீரங்கிக் குழாயை விட்டு வெளியேறியதும் சுழற்சியில் நாடா பிரிந்து பறக்கும், வளையமும் கழன்று விழும். அப்புறம் தண்டைத் தாங்குவது ஒரு மெல்லிய கம்பி மட்டுமே. முட்கம்பியில் உரசினாலே அறுந்துவிடும்படி செய்த கம்பி அது!

சுட்ட குண்டா, சுடாமல் விட்டுப்போனதா என்று மண் ஒட்டிய நிலையில் பார்த்துச் சொல்ல முடியாது. உள்ளே விஷவாயுவும் இருக்கலாம். இடத்தைக் குறித்துக்கொண்டு, வந்த வழியே திரும்பி, போலீசுக்குச் சொல்லுங்கள். ராணுவத்தின் வெடிகுண்டு அகற்றும் பிரிவு வந்து எடுத்துக்கொள்ளும். அந்தப் பக்கத்து விவசாயிகளுக்கு இப்படித் தகவல் சொல்வது வழக்கமான வேலை.